பூட்டுவதும் பொருத்துவதும்

மோட்டார் காரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எல்லாரும் என்ஜினைப் பற்றித்தான் பேசுகிறார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், மலைப்பாதையில் மூச்சு வாங்காமல் ஏறுமா, ஸ்பேர் பாகம் கிடைக்குமா என்றெல்லாம் விசாரிப்பார்கள். கதவின் ஓரத்தைக் குனிந்து பார்க்கிறவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். ஆனால் பழைய கார் வாங்கி விற்கும் தரகரைக் கவனித்துப் பாருங்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். கதவுக்கும் அடுத்த தகட்டுக்கும் நடுவே ஓடும் இடுக்கை மேலிருந்து கீழ்வரை கண்ணால் தடவுவார். அது ஒரே அகலமாக இருந்தால் தலையை ஆட்டுவார். மேலே அகன்று கீழே ஒடுங்கியிருந்தால், "எங்கே இடித்தீர்கள்?" என்று கேட்பார். அந்த மெல்லிய கோட்டில் வண்டியின் ஜாதகமே எழுதியிருக்கிறது.

அந்தக் கோட்டுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. அதில் ஓர் அத்தியாயம் இங்கிலாந்தில் ஆரம்பித்து நம்முடைய வண்டலூர் வரையில் வந்து சேர்ந்தது. சொல்லத் தகுந்த கதைதான்.

மோட்டார் யுகத்தின் தொடக்கத்தில் கார் உடம்பைச் செய்தவர்கள் குதிரை வண்டி கட்டிய தச்சர்கள். ஆஷ் என்னும் மரத்தில் கூடு கட்டி, அதன்மேல் தகட்டைத் தட்டி வளைத்து அறைவார்கள். கதவு உரசினால் இழைப்புளியை எடுத்து ஒரு சீவு சீவுவார்கள். நம் வீட்டுக் கதவு ஐப்பசி மழையில் உப்பிக்கொண்டால் ஆசாரி வந்து என்ன செய்வாரோ, அதையேதான் அவர்களும் செய்தார்கள். அதனால் ஒவ்வொரு கதவும் தன் வண்டிக்கு மட்டுமே பொருந்தும். பக்கத்து வண்டியின் கதவைக் கழற்றி இதில் மாட்ட முடியாது. வேலை நேர்த்தியாக இருந்தது. விலையும் அதற்கேற்ப இருந்தது.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் எட்வர்ட் பட் என்பவர் மரத்தையே ஒதுக்கிவிட்டு, முழுவதும் எஃகுத் தகட்டாலேயே உடம்பு செய்யலாம் என்று காட்டினார். 1914-ல் டாட்ஜ் சகோதரர்கள் அவரிடம் ஆயிரக்கணக்கில் அப்படிப்பட்ட உடம்புகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். ராக்ஷச யந்திரம் ஒன்று தகட்டை அச்சில் வைத்து ஒரே அமுக்காக அமுக்கும், கதவு பிறக்கும். ஆயிரமாவது கதவும் முதல் கதவைப் போலவே இருக்கும். 1926-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்கு அருகே கவ்லியில், வில்லியம் மாரிஸும் பட்டும் சேர்ந்து பிரஸ்டு ஸ்டீல் கம்பெனியை ஆரம்பித்தார்கள். 1934-ல் பிரான்ஸில் சித்ரோயன் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போய், தனியாக அடிச்சட்டமே இல்லாமல், உடம்பே எலும்பாகவும் சதையாகவும் இருக்கும்படியான காரை ஏராளமாகச் செய்யத் தொடங்கியது. அதன் பிறகு உலகம் முழுவதும் அந்தப் பாதையில்தான் போயிற்று.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. முழு உடம்பையும் அமுக்கித் தரும் அச்சுகளுக்கு ஏராளமான முதல் வேண்டும். சின்னக் கம்பெனிகளால் அது முடியாது. ஆகவே என்ஜினைத் தாங்கள் செய்துகொண்டு, உடம்புக்கு வேறொரு கம்பெனியை நம்பியிருந்தார்கள். சமையல் தன் வீட்டில், பாத்திரம் அயல் வீட்டில் என்பது போன்ற ஏற்பாடு. அயல் வீட்டுக்காரர் மனம் மாறாத வரையில் கவலை இல்லை.

கவெண்ட்ரி நகரத்தில் 1903-ல் ஏற்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனிக்கு அந்தக் கவலை வந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிகிற சமயத்தில் டிரையம்ப் என்ற பழைய பெயரையும் விலைக்கு வாங்கிக்கொண்டு, நடுத்தரக் குடும்பங்களுக்கான கார்களைச் செய்துவந்த ஸ்தாபனம் அது. அதன் சிறிய கார்களுக்கு உடம்பு கொடுத்தது பிஷர் அண்டு லட்லோ என்ற கம்பெனி. 1953-ல் அந்தக் கம்பெனியை ஸ்டாண்டர்டின் பெரும் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பொரேஷன் விலைக்கு வாங்கிவிட்டது. இனிமேல் வரப்போகும் புதுக் காருக்கு உடம்பு கேட்டு எந்த முகத்தோடு அந்த வாசலில் போய் நிற்பது?

இந்த இக்கட்டிலிருந்துதான் ஹெரால்ட் பிறந்தது. தலைமை என்ஜினீயர் ஹாரி வெப்ஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். முழு உடம்பு கிடைக்காவிட்டால் துண்டு துண்டாக வாங்கிக்கொள்வோம். ஒரு சின்னப் பட்டறை கதவைச் செய்யட்டும், இன்னொன்று கூரையைச் செய்யட்டும், வேறொன்று முன்பாகத்தைச் செய்யட்டும். பர்மிங்ஹாமிலிருந்தும் லிவர்பூலிலிருந்தும் வரும் துண்டுகளைக் கவெண்ட்ரியில் அடிச்சட்டத்தின்மேல் வைத்து, போல்ட்டுப் போட்டு முடுக்கிவிட்டால் கார் ஆயிற்று. உருவத்தை வரைந்து கொடுத்தவர் இத்தாலி தேசத்து டூரின் நகரத்தைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கெலொட்டி. கத்தி முனை போன்ற ஓரங்களும், விசாலமான கண்ணாடிகளுமாக, அந்தக் காலத்தில் பார்த்தவர்களைத் திரும்பிப் பார்க்கவைத்த அழகு.

உலகமெல்லாம் அடிச்சட்டத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்தபோது, ஸ்டாண்டர்டுக்காரர்கள் அதை மறுபடி கையில் எடுத்தார்கள். இதைப் பின்வாங்குதல் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் லாபமும் இருந்தது. கூரையைக் கழற்றினால் திறந்த வண்டி. வேறு கூரையை மாட்டினால் இரண்டு பேர் போகும் கூப்பே. பின்பக்கத்தை மாற்றினால் சாமான் ஏற்றும் எஸ்டேட். மேடையில் ஒரே நடிகன் ஜரிகைத் தலைப்பாகையை வைத்தால் ராஜா, எடுத்தால் மந்திரி என்பதைப் போல! இரண்டு மட்கார்டுகளும் மூக்கும் ஒன்றாகச் சேர்ந்த பானெட், முதலையின் வாய் போல முன்பக்கமாகத் திறந்துகொள்ளும். முழு என்ஜினும் வெளியே தெரியும். சக்கரத்தின்மேலே உட்கார்ந்துகொண்டே பழுது பார்க்கலாம்.

விற்பனைக்கு வருவதற்கு முன்னால் இரண்டு கார்களை ஆப்பிரிக்காவின் தென்கோடியான கேப் டவுனிலிருந்து வடகோடியான டாஞ்சியர் வரையில் ஓட்டிப் பார்த்தார்கள். மணலையும் குழியையும் தாண்டி வண்டிகள் போய்ச் சேர்ந்தன. 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அறிமுக விழா நடந்தது. சங்கீதக் கச்சேரி நடக்கிற மேடையில் ஒரு கூட்டம் மெக்கானிக்குகள் வந்து, துண்டுகளாகக் கிடந்த ஹெரால்டை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சில நிமிஷங்களில் முழுக் காராக மாட்டிக் காட்டினார்கள். கை தட்டல் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஹெரால்ட் என்றால் ராஜாவுக்கு முன்னால் வந்து முழங்குகிற கட்டியக்காரன் என்று அர்த்தம். கட்டியக்காரனுடைய வரவு அமர்க்களமாகத்தான் இருந்தது. அடுத்தபடி மழை வந்தது.

ஆப்பிரிக்கப் பாலைவனம் பரீட்சை செய்தது சட்டத்தை. இங்கிலாந்து மழை பரீட்சை செய்தது இடுக்குகளை. ஆரம்ப கால ஹெரால்டுகளில் தண்ணீர் உள்ளே கசிந்தது. தகடுகள் கடகடவென்று பேசிக்கொண்டன. ஒரு பக்கத்து இடுக்குக்கும் மறு பக்கத்து இடுக்குக்கும் ஒற்றுமை இல்லை என்ற புகார் எழுந்தது. காரணம் எளிய கணக்கு. ஒரு துண்டில் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பதைக் கண் மன்னித்துவிடும். அப்படி ஐந்து துண்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று, ஐந்தும் ஒரே பக்கமாகத் தவறினால், கடைசி இடுக்கில் 5 மில்லிமீட்டர் வந்து நிற்கும். வெவ்வேறு ஊரில், வெவ்வேறு அச்சில் பிறந்த தகடுகள் அவை. பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் முதல் முதலில் கல்யாணப் பந்தலில்தான் சந்திக்கிறார்கள் என்றால், சில்லறைத் தகராறு இல்லாமல் இருக்குமா?

ஆல்பர்ட் ஹால் மேடையில் காட்டியது பொய் அல்ல. துண்டுகளைச் சில நிமிஷங்களில் பூட்டிவிடலாம். ஆனால் பூட்டுவது வேறு, பொருத்துவது வேறு. பூட்டுவதற்கு ஸ்பேனர் போதும். பொருத்துவதற்குக் கண் வேண்டும், பொறுமை வேண்டும், கழற்றி மறுபடி மாட்டச் சலிக்காத கை வேண்டும். தொழிற்சாலையில் வரிசையாக வண்டிகள் நகர்ந்துகொண்டே இருக்கும்போது அதற்கெல்லாம் அவகாசம் எங்கே? அங்கே மிச்சம் பிடித்த நேரத்தை, வாங்கியவர் தம் வீட்டு வாசலில் செலவு செய்ய வேண்டியதாயிற்று. மலிவு என்பதற்கு எப்போதும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. யாரோ செய்யாமல் விட்ட வேலையை வேறு யாரோ செய்கிறார்கள்.

1961-ல் லேலண்டு கம்பெனி ஸ்டாண்டர்டு டிரையம்பை எடுத்துக்கொண்டது. ஹெரால்டுக்குப் பெரிய என்ஜின் வந்தது, வேலையிலும் கவனம் கூடிற்று. 1971-ல் இங்கிலாந்தில் ஹெரால்ட் உற்பத்தி நிற்பதற்குள் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்துவிட்டன. அதே அடிச்சட்டத்தின் வழியில் 1962-ல் வைடெஸ்ஸும், ஸ்பிட்பயர் என்ற விளையாட்டுக் காரும் பிறந்தன. கையாலாகாத நிலையில் எடுத்த ஒரு முடிவு, ஒரு வம்சத்தையே வளர்த்துவிட்டது.

துண்டு துண்டாகப் பூட்டும் காருக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் ஏற்றி, வேற்று நாட்டில் மாட்டிக்கொள்ளலாம். பிரம்மாண்டமான யந்திரங்கள் வேண்டியதில்லை. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்ற கம்பெனி இருந்தது. 1948-ல் ஏற்பட்ட அந்தக் கம்பெனி, முதலில் வான்கார்டு கார்களை மாட்டி விற்றது. 1961-லிருந்து அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்ட் வெளிவந்தது. கல்கத்தாப் பக்கத்து அம்பாஸடர், பம்பாய் பியட், சென்னை ஹெரால்ட் ஆகிய மூன்றுக்குள்தான் அன்றைய இந்தியக் குடும்பம் தன் மோட்டார் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வாங்கிய வண்டியின் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால், மனிதர் திருப்பிக் கொடுத்துவிடுவாரா என்ன? தாமே ஒரு வழி பார்த்துக்கொள்வார்.

முதலில் வந்த ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். பின் ஸீட்டில் உட்கார வேண்டிய பாட்டிமார்கள், மடங்கிய முன் ஸீட்டைத் தாண்டிப் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே புகவேண்டும். பெரிய குடும்பங்களுக்கு இது சரிப்படவில்லை. 1968-ல் இங்கிலாந்திலே இல்லாத நாலு கதவு ஹெரால்டை வண்டலூர்க்காரர்கள் கொண்டுவந்தார்கள். பாட்டிமார்களுக்கு நிம்மதி. ஆனால் சரிபார்க்க வேண்டிய கதவுகள் இரட்டிப்பாயின. 1972-ல் ஹெரால்டின் வாரிசாகக் கெஸல் வந்தது. அதுவும் அந்தப் பத்தாண்டுக்குள் போயிற்று. 1988-ல் அந்தத் தொழிற்சாலையில் கார் உற்பத்தியே நின்றது. இன்று ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் அதை ஒரு பழம் பொருளாகப் போற்றி வைத்திருப்பவர்கள்தாம். ஊருக்கு ஊர் இருந்த டிங்கரிங் பட்டறைகளில் அதன் சூட்சுமம் அறிந்த கைகளும் அருகிவிட்டன. ஆகவே வேலை வீட்டுக்கு, கார் ஷெட்டுக்கு வந்துவிடுகிறது.

அந்தச் சூட்சுமத்தை இங்கே எழுதிவைப்பது வீண் போகாது.

ஹெரால்டின் உடம்பு இரண்டு பாதி. என்ஜினுக்குப் பின்னால் உள்ள சுவரும் முன் கதவுத் தூண்களும் சேர்ந்தது முன்பாதி. பின் ஸீட்டும் டிக்கியும் அடங்கியது பின்பாதி. இரண்டும் தரையில் ஒரு குறுக்குக் கோட்டில் சந்தித்துப் போல்ட்டால் இணைகின்றன. இரண்டு கதவு வண்டியில், கதவு தொங்குவது முன்பாதியில், சாத்திக்கொள்வது பின்பாதியில். ஆக, இரண்டு பாதிகளுக்கும் உள்ள உறவு எப்படி இருக்கிறதென்று கதவைக் கேட்டால் சொல்லிவிடும்.

முதல் வேலை, தகட்டை விட்டுவிட்டு அடியைப் பார்ப்பது. நடுச் சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தாம் உடம்பைத் தாங்குகின்றன. அவற்றைத் துரு தின்றிருந்தால் மேலே என்ன செய்தும் பயனில்லை. கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற நீளத் தகடு பார்வைக்குப் பலமாகத் தோன்றும். பல கார்களில் அது எலும்பு. ஹெரால்டில் அது வெறும் அங்கவஸ்திரம். அதை நம்பி வண்டியைத் தூக்கவும் கூடாது, நிமிர்த்தவும் கூடாது.

இரண்டாவது, எந்தப் போல்ட்டையும் இறுக முடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கையால் திருகும் அளவுக்கு விட்டுவிட்டு, கதவை முதலில் மாட்ட வேண்டும். நம் ஊரில் வீடு கட்டும்போது நல்ல நாள் பார்த்து முதலில் நிலை வைக்கிறோம். சுவர் அதை அனுசரித்து எழும்புகிறது. இங்கேயும் அதுதான் முறை. கதவுதான் அளவுகோல். இரண்டு பாதிகளும் அதற்கு அனுசரணையாக நிற்கவேண்டும்.

மூன்றாவது, இடுக்கைப் படிப்பது. இடுக்கு மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தால், வண்டியின் நடுப்பகுதி அமிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு பாதிகளின் தலைகளும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. நடுவில் உள்ள தாங்கல்களுக்கு அடியில் மெல்லிய பேக்கிங் தகடு ஒன்று வைத்தால் தலைகள் விலகும். மேலே அகன்று கீழே ஒடுங்கியிருந்தால், வைத்த பேக்கிங்கில் ஒன்றை எடுக்க வேண்டும். தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய தேரைத் திருப்புவது அவர் கையிலுள்ள சின்னக் கட்டைதான். இங்கேயும் கீழே ஒரு வாஷர் கனம் வைத்தால், மேலே அது பெருகித் தெரியும். அதனால் ஒரு சமயத்தில் ஓரிடத்தில் மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதைச் சாக்கட்டியால் அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு இடத்தில் ஒரே சமயத்தில் கை வைத்தவர், எது எதனால் ஆயிற்று என்று தெரியாமல் விழிப்பார்.

பாதிகள் இணங்கிய பிறகுதான் கீல். கீல் துளைகளில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். கதவை ஒரு நூல் ஏற்றவோ, இறக்கவோ, உள்ளே தள்ளவோ அது போதும். கீலின் ஊசியே தேய்ந்திருந்தால், கதவைத் திறந்து நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் ஆடும். ஊசியை மாற்றாமல் கதவைச் சரி செய்வது, ஆடும் பல்லை வைத்துக்கொண்டு முறுக்குத் தின்பதற்குச் சமானம்.

கடைசியில் பானெட். அதன் கீல் முன் மூக்கில் இருக்கிறது. பின் ஓரம் வந்து கதவின் முன் ஓரத்தோடு சேர வேண்டும். முன் கீலை முன்னும் பின்னுமாக, மேலும் கீழுமாக நகர்த்தலாம். பின்னால் ரப்பர் முட்டுகள் அதைத் தாங்கும். ஆனால் பானெட்டை அழகாக நிறுத்திவிட்டு அப்புறம் கதவைத் தொட்டால், செய்தது அத்தனையும் பாழ். ஆகையால்தான் கதவு முதல், பானெட் கடைசி.

எல்லாம் சேர்ந்தபின், ஒரேயடியாக ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். முடுக்கும்போதே தகடு நகரும். கண் இடுக்கின்மேல் இருக்க வேண்டும். பிறகு பரீட்சை. கதவு ரப்பரின்மேல் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி, காகிதத்தை இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் மழையும் அதே வழியாக வரும். சுற்றிலும் பத்து இடத்தில் இப்படிப் பார்த்துவிட்டால், வருண பகவானுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவு எதற்கு, பட்டி போட்டு இடுக்கை அடைத்து, பெயிண்ட் அடித்துவிட்டால் தெரியவா போகிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தெரியாதுதான். ஒரு வருஷம் தெரியாது. வண்டி குலுங்கக் குலுங்கப் பட்டி விண்டு, பெயிண்டோடு பெயர்ந்து வரும். அப்போது பழைய கோணலோடு புதிய துருவும் சேர்ந்திருக்கும். கதவின் ஓரத்தை அரத்தால் ராவி எடுப்பவர்களும் உண்டு. அது அதைவிட மோசம். பேக்கிங்கை வைத்தால் எடுக்கலாம். ராவி எறிந்த இரும்பை மறுபடி வைக்க முடியாது.

இன்றைய கார்களின் இடுக்கைப் பாருங்கள். யந்திரக் கைகள் பற்றவைக்கின்றன. ஒளிக்கதிர் அளவு பார்க்கிறது. எல்லாம் கோடு கிழித்தது போல இருக்கிறது. சந்தேகமில்லாமல் அது ஒரு சாதனைதான். மழை உள்ளே வருவதில்லை. விபத்தில் உயிரைக் காப்பதிலும் இன்றைய உடம்புக்கு அன்றைய ஹெரால்ட் அருகே நிற்க முடியாது. ஆனால் அந்த உடம்பின் தூணும் தளமும் ஒன்றோடொன்று உருகி ஒட்டியவை. பலமாக ஓர் அடி பட்டால், வாஷரை வைத்து நிமிர்த்தும் பேச்சே இல்லை. சில சமயம் பழுது பார்க்கும் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடுகிறது. இன்ஷூரன்ஸ்காரர் கணக்கை முடித்துவிடுகிறார்.

ஹெரால்டோ, பிறந்த நாளிலிருந்தே குறையுள்ள குழந்தை. ஆனால் எந்தத் திருகாணிகளால் அந்தக் குறை வந்ததோ, அதே திருகாணிகளால் அதைத் தீர்க்கவும் முடிந்தது. இங்கிலாந்தில் 1977-ல் இந்தக் குடும்பத்துக் கார்களுக்காகவே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். செய்த கம்பெனி மறைந்துவிட்டது; வாங்கியவர்கள் கூடி நடத்துகிற சங்கம் நிற்கிறது. ஒரு தகடு அழுகினால் அதை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டலாம் என்பதால்தான் அத்தனை ஹெரால்டுகள் இன்னும் ஓடுகின்றன. கவெண்ட்ரியில் அவசர அவசரமாகப் பூட்டி அனுப்பியதை, அறுபது வருஷங்களாக யார் யாரோ தங்கள் வீட்டு வாசலில் நிதானமாகப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, எந்த வீட்டு ஷெட்டிலாவது ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய காருக்கு எதிரே மணை போட்டு உட்கார்ந்துகொண்டு, கதவைத் திறப்பதும் சாத்துவதும் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பதுமாக இருந்தால், அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். காப்பியை வேண்டுமானால் ஆறிப்போகாமல் மூடி வையுங்கள். இன்னும் ஒரு வாஷர் பாக்கி இருக்கிறது.